கம்ப்யூட்டரும் கருவறையும்

நமது நாட்டில் எந்தப் புதுச் சாதனம் வந்தாலும், அது முதலில் யார் வீட்டில் இறங்குகிறது, கடைசியாக யார் வீட்டு வாசலுக்கு வருகிறது அல்லது வராமலே போகிறது என்பதைக் கவனித்தால் போதும். இந்த நாட்டு ஜாதி அமைப்பையும் பணக்காரர் ஏழை அமைப்பையும் வேறு புஸ்தகம் எதையும் படிக்காமலே தெரிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடம் அப்படித்தான் வந்தது. தண்ணீர்க் குழாய் அப்படித்தான் வந்தது. ஊருக்குள் மின்சார விளக்கு எரிந்து பல வருஷம் சென்ற பிறகுதான் பல சேரிகளில் கம்பமே நட்டார்கள். இப்பொழுது கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் அதே வரிசைப்படிதான் வந்துகொண்டிருக்கின்றன என்பதையும், ஆனால் அப்படி வருவதை மறைத்து, “எல்லோருக்கும் வந்துவிட்டது” என்று பறையடிக்கப்படுகிறது என்பதையும் எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

2015 ஜூலை 1ஆம் தேதி “டிஜிட்டல் இந்தியா” என்பதாக ஒரு திட்டத்தை இந்திய சர்க்கார் துவக்கினார்கள். உலகமே விரல் நுனிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். வந்திருக்கலாம். யாருடைய விரல் நுனிக்கு என்பதுதான் நமது கேள்வி.

மத்தூரில் கண்டது

சில நாட்களுக்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகும் ரஸ்தாவில் உள்ள மத்தூரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன் கடைக்காரர். மாந்தோப்புக் கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மாள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தன் மகளுக்குக் காலேஜ் மனுப் போட வந்திருந்தார். உள்ளே ஒரு நாற்காலி காலியாய் இருந்தும் அம்மாள் படிக்குக் கீழேதான் நின்றார். “நல்லாப் பாத்துப் போடு சாமி, புள்ள படிப்பு சாமி” என்று இரண்டு தடவை சொன்னார். கடைக்காரர் அடித்துக்கொண்டே போனார். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, “அண்ணா, நான் பொறந்த வருஷம் அது இல்லீங்க” என்றது. கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, ஆனாலும் திருத்தினார். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாம் அந்தப் பெண்ணிடம், “நன்றாகப் படிக்கிறாயே அம்மா, இதை நீயே அடித்திருக்கலாமே?” என்று கேட்டோம்.

“பள்ளிக்கூடத்துல பாத்திருக்கேங்க. தொட்டதில்ல” என்றது.

பார்த்ததுண்டு, தொட்டதில்லை! தோழர்களே, இந்த வார்த்தையை நமது பாட்டன்மார் எங்கே சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிணற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கோயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அக்கிரகாரத் தெருவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இன்று அவர்கள் பேத்தி ஓர் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லுகிறாள்.

அந்தக் கடைக்காரரை நாம் குற்றம் சொல்லவில்லை. அவரும் வயிற்றுப் பிழைப்புக்காரர்தான். அவரில்லாவிட்டால் அந்த மனு போயே இருக்காது. நாம் சொல்லுவதெல்லாம், அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றித்தான். கோயிலில் என்ன நடக்கிறது? உள்ளே ஒரு கருவறை; அதற்குள் ஏதோ பெரிய சக்தி இருப்பதாகச் சொல்லப்படுகிறது; நடுவில் ஓர் ஆள் நிற்கிறான்; அவன் மட்டுந்தான் தொடலாம்; அவன் பாஷை நமக்குப் புரியாது; நாம் வெளியில் நின்று பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித் தட்சணை கொடுத்தால் அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு பொட்டலம் கொடுப்பான்; அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பவேண்டும். மத்தூர்க் கடையில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு வித்தியாசந்தான். கோயிலுக்குள் இருப்பது வெறுங்கல். அதனால் அதன் அருகில் போக முடியாததால் நமக்கு மானக்கேடு உண்டே தவிர வேறு நஷ்டமில்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பதோ மெய்யாகவே காலேஜ் இடம், உத்தியோகம், உபகாரச் சம்பளம், நிலப் பட்டா, பென்ஷன் எல்லாம். இதற்கு வெளியே நிறுத்தப்படுகிறவனுக்கு மானமும் போகிறது, வாழ்வும் போகிறது.

சொல்லிக்கொடுக்காமல் பரீட்சை

சர்க்கார் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2017-18இல் இந்திய சர்க்கார் புள்ளிவிவரக்காரர்கள் எடுத்த கணக்கில், பட்டணங்களில் 100 வீட்டுக்கு 23 வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. கிராமங்களில் 100 வீட்டுக்கு 4 வீட்டில்தான் இருந்தது. இண்டர்நெட் வசதி பட்டணத்தில் 100க்கு 42. கிராமத்தில் 15க்கும் குறைவு. கிராமத்தில் அந்த நாலு வீடு யார் வீடாக இருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

இந்த நிலைமையை வைத்துக்கொண்டு சர்க்கார் செய்தது என்ன? முதலில் ஜனங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்கிவிட்டுப் பிறகு காரியங்களை அதற்கு மாற்றினார்களா? இல்லை. தலைகீழாகச் செய்தார்கள். 2018இல் தமிழ்நாட்டு இஞ்சினீயரிங் காலேஜ் கலந்தாய்வை இண்டர்நெட்டுக்கு மாற்றினார்கள். ஐ.ஐ.டி. முதலியவைகளுக்குப் போவதற்கான முதற்கட்டப் பரீட்சையை 2019 முதல் கம்ப்யூட்டரில்தான் எழுதவேண்டும் என்றார்கள். 2022இல் மத்திய சர்வகலாசாலைகளுக்கென்று கியூட் என்னும் பொதுப் பரீட்சையைக் கொண்டுவந்து, அதையும் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். நூறு நாள் வேலைக்கு மண் வெட்டப் போகிற கிழவியின் வருகைப் பதிவைக்கூட 2023 ஜனவரி 1 முதல் போனில் படம் பிடித்து அனுப்பினால்தான் ஆயிற்று என்று கட்டாயப்படுத்தினார்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் மண்வெட்டி வெட்டியது வெட்டியதுதான், கூலி மட்டும் சந்தேகம்!

நீச்சல் சொல்லிக்கொடுக்காமல் ஒருவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, “மேலே வந்தவன் கெட்டிக்காரன், முழுகியவன் தகுதியில்லாதவன்” என்று சொல்லுவது யோக்கியமாகுமா? மூன்று மணி நேரப் பரீட்சையில், பெங்களூர்ப் பையன் கேள்வியை யோசிக்கிறான். மத்தூர்ப் பெண் மௌஸை எப்படி நகர்த்துவது என்று யோசிக்கிறது. கடைசியில் இரண்டு பேருடைய மார்க்கையும் ஒரே காகிதத்தில் அச்சடித்து அதற்கு “தகுதி, திறமை” என்று பெயர் வைக்கிறார்கள்!

இது புதுச் சூழ்ச்சியல்ல. பழைய சூழ்ச்சியின் புதுச் சட்டை. சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லிற்று. வில்வித்தையைத் தானாகக் கற்ற ஏகலைவனிடம் கட்டைவிரலைத் துரோணன் கேட்டு வாங்கினான் என்று பாரதம் பெருமையாகச் சொல்லுகிறது. 1953இல் ஆச்சாரியார், பிள்ளைகள் அரைநாள் பள்ளிக்கூடம் போனால் போதும், மற்ற நேரம் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். ஜனங்கள் கிளர்ச்சி செய்து 1954இல் அதை ஒழித்தார்கள். இன்று யாரும் ஈயம் காய்ச்சுவதில்லை. யாரும் விரலை வெட்டுவதில்லை. ஏழையின் கட்டைவிரலை ரேஷன் கடை மிஷினில் வைத்து அழுத்தி வாங்கிக்கொள்ளுகிறார்கள். மற்ற ஒன்பது விரலுக்கும் கம்ப்யூட்டரில் வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2020 மார்ச்சில் கொரோனா வியாதிக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். அந்த ஒன்றரை வருஷத்திற்கு மேற்பட்ட காலத்தில், வீட்டில் கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் உள்ள பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை ஆடு மேய்த்தது, செங்கல் சுமந்தது. கேரளத்தில், நாம் எல்லோரும் கல்வியில் முதலிடம் என்று புகழும் அந்த நாட்டில், 2020 ஜூன் 1ஆம் தேதி இண்டர்நெட் வகுப்புகள் துவங்கிய முதல் நாளே, மலப்புரம் ஜில்லாவில் ஒரு தினக்கூலியின் மகளான ஆதித்திராவிட மாணவி, வீட்டில் டெலிவிஷன் பழுது, நல்ல போனும் இல்லை என்ற நிலையில் உயிரை விட்டாள். படிப்பில் கெட்டிக்காரி என்று பேரெடுத்தவள். ஆஸ்தியில்லாதவனுக்கு இண்டர்நெட் எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்தச் சங்கதியை ஒரு தடவை நினைத்துக்கொண்டு பிறகு கேட்கட்டும்.

செய்கிறவனுக்கு இல்லை

நிற்க. இந்தக் கிருஷ்ணகிரி ஜில்லாவின் விசேஷத்தைப் பார்ப்போம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100க்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள் என்றால் கிருஷ்ணகிரியில் 71 பேர்தான். கடைசி வரிசை ஜில்லாக்களில் ஒன்று. ஆனால் தொழிற்சாலையிலோ முதல் வரிசை! ஓசூரில் சிப்காட் வந்து ஐம்பது வருஷமாகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் உலகத்திலேயே விலை உயர்ந்த போன்களில் ஒன்றான ஐபோனுக்கு உறுப்புகள் செய்யப்படுகின்றன. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர்த் தொழிற்சாலையைப் பெண்களைக் கொண்டே நடத்தப்போவதாக 2021இல் அறிவித்தார்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் கோடிகோடியாகச் சம்பாதிக்கின்றன.

அதாவது, ஒருபக்கம் கம்ப்யூட்டர் மூளை. ஒருபக்கம் போன் உடம்பு. நடுவிலே மத்தூர், ஊத்தங்கரை, பர்கூர், வேப்பனப்பள்ளிப் பெண்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய், வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அந்த இயந்திரத்தின் ஒரு சின்ன உறுப்பை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தொடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் தம்பி படிக்க ஒரு கம்ப்யூட்டர் இல்லை. நெல் விளைவித்தவன் கஞ்சி குடித்ததும், துணி நெய்தவன் கந்தை கட்டியதும், கோயில் கட்டியவன் வெளியில் நின்றதும் நமது பழைய சரித்திரம். போன் செய்கிறவளுக்குப் போனின் உள்விவரம் தெரியக்கூடாது என்பது நமது புதுச் சரித்திரமாகிவிட வேண்டுமா? கையை மட்டும் கொடு, மூளையைப் பெங்களூரில் வேறு ஆள் கொடுப்பான் என்பதற்குத்தானே மனுதர்மத்தில் நான்காம் வருணம் என்று பெயர்?

ஆட்சேபணைகளும் சமாதானமும்

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

முதலாவது, “இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, கம்ப்யூட்டர் எதற்கு?” என்பது. போன் பரவியிருப்பது வாஸ்தவந்தான். 2025இல் எடுத்த சர்க்கார் கணக்கில் 100 வீட்டில் 85 வீட்டுக்குக் குறையாமல் ஸ்மார்ட்போன் இருப்பதாகக் காண்கிறது. சந்தோஷமே. ஆனால் நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு போன் இருந்தால் அது யாருடையது? அப்பன் வேலைக்குப் போகும்போது அதுவும் கூடப் போய்விடுகிறது. அன்றியும், போன் பார்ப்பதற்கு, கம்ப்யூட்டர் செய்வதற்கு. பரீட்சை போனில் நடப்பதில்லை. கணக்கு எழுதுவது, படம் வரைவது, புரோகிராம் எழுதுவது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பேனா கேட்டவனுக்கு மூக்குக் கண்ணாடி கொடுத்து, “இதனாலும் எழுத்து தெரியுமே” என்று சொல்லுவதுபோல் இருக்கிறது இந்தச் சமாதானம். இப்படிச் சொல்லுகிற பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைப் போன் மட்டும் கொடுத்தா அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்?

இரண்டாவது, “ஏழைப் பிள்ளைகள் கெட்டுப்போய்விடும், சினிமாவும் விளையாட்டும் பார்ப்பார்கள்” என்பது. பார்க்கத்தான் பார்ப்பார்கள். பணக்காரப் பிள்ளைகள் பார்ப்பதில்லையா? எழுதப் படிக்கத் தெரிந்தால் சூத்திரன் கெட்டுப்போவான் என்று சொன்ன வாய்தானே இது? கெடுவதற்கும் திருந்துவதற்கும் எல்லோருக்கும் சம உரிமை வேண்டும். ஒருவன் கையில் சாதனத்தைக் கொடுத்துச் சொல்லியும் கொடுத்தால் அவன் அதைக்கொண்டு நல்லதையும் செய்வான். கொடுக்காமலே அவன் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்?

மூன்றாவது, பெண்களைப் பற்றியது. 2016இல் குஜராத்தில் மேசானா ஜில்லாவில் சூரஜ் என்னும் கிராமத்துப் பஞ்சாயத்தார், கல்யாணமாகாத பெண்கள் போன் வைத்துக்கொள்ளக்கூடாது என்று தீர்மானம் போட்டு, மீறினால் அபராதம் என்றார்கள். நம் பக்கத்தில் தீர்மானம் போடுவதில்லை. வீட்டுக்கு வீடு அமலில் வைத்திருக்கிறார்கள். 2019-21 தேசீய குடும்ப நலக் கணக்கில், ஒரு தடவையாவது இண்டர்நெட் உபயோகித்த ஆண்கள் இந்தியாவில் 100க்கு 57 பேர், பெண்கள் 33 பேர் என்று காண்கிறது. மகன் போன் வைத்திருந்தால் வேலை தேடுகிறான். மகள் வைத்திருந்தால் வேறு ஜாதிப் பையனைத் தேடுகிறாள் என்று நினைக்கிற புத்திதான் இதற்குக் காரணம். இந்தப் பயம் பெண்ணின் கற்பைப் பற்றிய பயமல்ல. ஜாதியின் ஆயுளைப் பற்றிய பயம். கேரளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் 10 மணிவரை போனைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி வழக்குப் போட்டாள். 2019 செப்டம்பரில் கேரள ஹைக்கோர்ட்டு, இண்டர்நெட்டைப் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லி, அவளை விடுதியில் மறுபடி சேர்க்கச் சொல்லிற்று. ஒரு பெண் தனியாக நின்று வாங்கிய இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு பெண்ணைப் பெற்றவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, “இலவசம் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்” என்பது. இதுதான் உள்ளதிலெல்லாம் பெரிய புரட்டு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் தேதி பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கும் திட்டம் துவங்கிற்று. ஏறத்தாழ 2019 வரையில் 50 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பெற்றார்கள். பிறகு பல வருஷம் நின்றுவிட்டது. மத்தூர்ப் பெண் “தொட்டதில்லை” என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 மார்ச்சில் 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு இரண்டு வருஷத்தில் கொடுப்பதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். உடனே “இலவசம், இலவசம்” என்று கூச்சல். 2022 ஜூலையில் பிரதம மந்திரி மோடி அவர்களே வடநாட்டில் ஒரு ரஸ்தா திறப்பு விழாவில், “ரேவடி” என்னும் மிட்டாயின் பேரைச் சொல்லி இப்படிப்பட்ட காரியங்களைக் கேலி செய்தார்.

சரி; 2019 செப்டம்பர் 20ஆம் தேதி அதே சர்க்கார் பெரிய கம்பெனிகளுக்கு வருமான வரியை 100க்கு 30லிருந்து 22ஆகவும், புதுத் தொழிற்சாலைகளுக்கு 15ஆகவும் குறைத்தார்களே, அதனால் சர்க்காருக்கு வருஷத்திற்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் குறையும் என்று அவர்களே சொன்னார்களே, அது என்ன மிட்டாய்? அந்த ஒரு வருஷத் தொகையில் லேப்டாப்புக்கு ஒதுக்கிய 2,000 கோடியைப் போல 70 தடவைக்கு மேல் ஒதுக்கலாம். முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம். கூலிக்காரன் பிள்ளைக்குக் கொடுத்தால் சோம்பேறித்தனமா? பணக்காரன் பெற்றால் “சலுகை”, ஏழை பெற்றால் “இலவசம்” என்று இரண்டு அகராதி வைத்திருக்கிறவர்களுக்கு நாம் ஏன் பதில் சொல்லவேண்டும்? ஒவ்வொரு சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுக்கிற ஏழை, இலவசமாக எதையும் வாங்கவில்லை; தான் கொடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கிறான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். லேப்டாப்பைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. பழுதானால் பார்க்க ஆளில்லை, இண்டர்நெட் இல்லை, சொல்லிக்கொடுப்பாரில்லை என்றால் அது மூலையில் தூங்கும். அல்லது அடகுக் கடைக்குப் போகும். 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கம்ப்யூட்டர் அறைகள் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பல அறைகள் மாலை நாலரை மணிக்குப் பூட்டப்படுகின்றன. சில இடங்களில் ஆயுத பூஜையன்றுதான் அந்தப் பெட்டிகளுக்கு யோகம். சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி படைத்து, மறுபடி துணி போட்டு மூடுகிறார்கள். கும்பிடுவதற்கா சர்க்கார் வாங்கிக் கொடுத்தார்கள்? இதைக் கண்டுபிடித்த நாட்டார் யாரும் இதற்குப் பொட்டு வைத்ததாகத் தெரியவில்லை. ஆணி கழற்றிப் பார்த்துத்தான் அடுத்ததைக் கண்டுபிடித்தார்கள்.

எம்பலத்துக் கோயிலில் இரண்டு கதவு

இது ஆகக்கூடிய காரியந்தானா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்லுகிறோம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிக் கிராமங்களில் வில்லியனூரை மையமாக வைத்துக் கம்ப்யூட்டர் நிலையங்கள் துவக்கினார்கள். ஜாதி வித்தியாசமில்லாமல் எல்லோரும் வரக்கூடிய இடமாயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலம் என்னும் ஊரில் கோயில் கட்டடத்திலேயே ஓர் அறை கிடைத்தது. அந்தக் கோயிலுக்கு அப்போது இரண்டு கதவு. ஒரு கதவு சாமிக்கு. அதில் தாழ்த்தப்பட்டவர்களும், மாதவிடாய் ஆன பெண்களும் போகக்கூடாது. மற்றொரு கதவு கம்ப்யூட்டருக்கு. அதில் யாரும் போகலாம். ஒரே கட்டடம், ஒரே சுவர்! ஒரு கதவு நூற்றுக்கணக்கான வருஷமாக ஜனங்களைப் பிரித்தது. மற்றொரு கதவு ஒரே நாளில் சேர்த்தது. சாமி செய்யாததை ஒரு பெட்டி செய்தது. வீராம்பட்டினத்து மீனவர்களோ, அமெரிக்கக் கடற்படையார் இண்டர்நெட்டில் போடும் அலை உயரக் கணக்கை அந்த நிலையத்தின் மூலம் பெற்று, ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். கடலம்மாளுக்குப் படையல் போட்டு வராத செய்தி, கம்பி வழியாக வந்தது.

2001இல் மதுரை ஜில்லா மேலூர்ப் பக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்க சர்வகலாசாலைகளும் சேர்ந்து கிராமத்துக் கடைகளாகக் கம்ப்யூட்டர் நிலையம் வைத்துப் பார்த்தார்கள். வரும்படி கட்டாமல் பல மூடப்பட்டன. ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை இரண்டு. ஒன்று, சும்மா விட்டால் வசதியுள்ள வீட்டுப் படித்த ஆண் பிள்ளைகள்தான் அதிகமாய் வந்தார்கள். மற்றொன்று, நிலையத்தைத் தாழ்த்தப்பட்டவர்கள் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, அவர்களில் ஒருவரையே நடத்தச் சொன்ன இடங்களில் அவர்களும் வந்தார்கள். ஆகவே, ‘பொது’ என்று பெயர் வைத்து ஊர் நடுவில் வைத்துவிட்டால் அது பொதுவாகிவிடாது, நடுவூர்க்காரனுக்குத்தான் ஆகும்.

மற்ற நாட்டைப் பாருங்கள். பின்லாந்து நாட்டில் 2010 ஜூலை 1 முதல் இண்டர்நெட் ஒவ்வொரு பிரஜையின் சட்டப்படியான உரிமை. நம் பக்கத்துக் கேரளத்தில் 2023 ஜூன் 5ஆம் தேதி சர்க்காரே கே-போன் என்னும் இண்டர்நெட் ஏற்பாட்டைத் துவக்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குச் சும்மா கொடுப்பதாகச் சொன்னார்கள். முதல் கட்டத்தில் தொகுதிக்கு நூறு வீடு வீதம் 14,000 வீடுதான் எடுத்துக்கொண்டார்கள். சொன்னதற்கும் செய்ததற்கும் தூரமிருக்கிறது என்றாலும், இது உரிமை என்று ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டதே பெரிதல்லவா?

செய்யவேண்டியது

மத்தூருக்கு நாம் கேட்பது ஆகாயத்து நட்சத்திரமல்ல. 1948இலேயே, இந்தியாவில் வேறு மாகாணம் எதுவும் நினைக்காதபோது, சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் செய்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடம் வாங்குகிறார்கள். 2006இல் துவங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள். அவற்றில் எத்தனையோ இன்று பூட்டிக் கிடக்கின்றன. இப்பொழுது தமிழ்நாட்டிலுள்ள 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி போடும் ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். கட்டடம் இருக்கிறது, கம்பி வருகிறது, வரி கொடுத்தாயிற்று. பின் என்ன குறை?

அந்த நூலகங்களைத் திறக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் நாலைந்து கம்ப்யூட்டராவது இண்டர்நெட்டோடு வைக்கவேண்டும். கட்டடம் ஊர் நடுவிலிருந்தால் காலனியிலும் ஒன்று வைக்கவேண்டும். காலனிப் பெண் ஒருத்தியையே சம்பளத்துக்கு நியமிக்கவேண்டும். கூலி வேலை முடிந்து வருகிறவர்கள் வரும்படி இரவு 9 மணிவரை திறந்திருக்க வேண்டும். பழுது பார்க்கத் தனிப் பணம் ஒதுக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைச் சனி, ஞாயிற்றிலும் திறக்கவேண்டும். சர்க்கார் மனுக்கள் யாவும் மத்தூர் அம்மாளுக்குப் புரியும் தமிழில் இருக்கவேண்டும். தமிழ் கம்ப்யூட்டருக்கு ஏற்காது என்று யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை. 1999இலேயே தமிழ் விசைப்பலகைக்கு ஒரு முறை வகுத்தாகிவிட்டது. கடைசியாக, இண்டர்நெட் தெரியவில்லை என்ற காரணத்திற்காக எந்த ஏழைக்கும் எந்தச் சகாயத்தையும் மறுக்கக்கூடாது. காகித மனுவையும் வாங்கவேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கக்கூடாது. ஓசூரிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நமது வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் முதல் தலைமுறை படிப்பாளிகள். யாரோ போராடியதால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். மலைமேல் கோயிலுக்கு மாதம் ஒரு நாள் கிரிவலம் போகிற நேரத்தில், தங்கள் ஊர்க் காலனிக்கு ஒரு நாள் போய் நாலு பிள்ளைகளின் விரலை விசையில் வைத்துப் பழக்கினால், அதைவிடப் பெரிய காரியம் வேறில்லை.

மத்தூர் அம்மாள் படியில் நின்று “சாமி” என்று கூப்பிட்டது நம் காதில் இன்னும் ஒலிக்கிறது. அவர் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் மனுவைத் தானே அடித்து, தன் பிறந்த வருஷத்தைத் தானே சரியாகப் போட்டு, பக்கத்தில் நிற்கும் கிழவியின் மனுவையும் காசு வாங்காமல் அடித்துக் கொடுக்கிற நாள் வரவேண்டும். அன்றைக்கு யாரும் யாரையும் “சாமி” என்று கூப்பிடவேண்டிய அவசியம் இருக்காது. அந்த நாளைக் கடவுள் கொண்டுவரப்போவதில்லை. நாம்தான் கொண்டுவர வேண்டும்.